மதிப்பீட்டு வரி உயர்ந்தால் ஆட்சேபம் செய்வது எப்படி?

பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தையும் ஊழியர் சேமநிதியையும் கொண்டு சொந்த வீடு வாங்கிய குடும்பங்கள் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் பல உண்டு. லயத்து வீட்டில் குடியிருந்த நாளில் மதிப்பீட்டு வரி நம் கவலையாக இருந்ததில்லை. அது உரிமையாளர் செலுத்த வேண்டியது. இன்று நாமே உரிமையாளர். வரி செலுத்தும் கடமையோடு, மதிப்பீடு தவறென்றால் ஆட்சேபிக்கும் உரிமையும் நமக்கு உண்டு.

நில வரி வேறு, மதிப்பீட்டு வரி வேறு. முன்னது நில அலுவலகத்திற்குரியது. பின்னதை ஊராட்சி மன்றம் விதிக்கிறது. கோல சிலாங்கூரில் அம்மன்றம், 2021இல் மாவட்ட மன்ற நிலையிலிருந்து உயர்த்தப்பட்ட நகராண்மைக் கழகமாகும்.

வரி கணக்கிடப்படும் முறை

ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்குமோ, அதுவே அதன் ஆண்டு மதிப்பு. நாமே குடியிருந்தாலும் கணக்கு இதுதான். உதாரணமாக, மாத வாடகை 300 வெள்ளி எனில் ஆண்டு மதிப்பு 3,600 வெள்ளி. விகிதம் 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வரி 144 வெள்ளி. அரையாண்டுக்கு 72 வெள்ளி. அதே வீட்டின் வாடகையை 500 வெள்ளி என மதிப்பிட்டால் வரி 240 வெள்ளியாகிவிடும். வேறுபாடு 96 வெள்ளி.

ஆட்சேபிக்கும் காலம்

1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டப்படி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அல்லது மாநில அரசு நீட்டிக்கும் காலத்தில், புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கப்படும். அதனை அரசிதழிலும் நாளேடுகளிலும் அறிவிப்பார்கள். அறிவிப்பு வெளிவந்து குறைந்தது 42 நாள் சென்ற பின்னரே பட்டியல் பரிசீலிக்கப்படும். அப்பரிசீலனை நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக நமது ஆட்சேபம் எழுத்து மூலம் மன்றத்தைச் சேர வேண்டும். வரி பில் வரட்டும் என்று காத்திருப்போர் இவ்வாய்ப்பை இழந்துவிடுவர்.

எழுத வேண்டியது என்ன?

“வரி அதிகம், எங்களால் கட்ட இயலாது” என்று மட்டும் எழுதுவது ஆட்சேபமாகாது. வீட்டின் மதிப்பு மிகையாகக் கணிக்கப்பட்டுள்ளது என்பதே நாம் காட்ட வேண்டிய காரணம். பக்கத்தில் அதே அளவுள்ள வீடுகளின் வாடகை ஒப்பந்தம் அல்லது ரசீது, வீட்டின் பழுதுகளைக் காட்டும் புகைப்படங்கள், இல்லாத அறையோ கூடுதல் கட்டடமோ கணக்கில் சேர்ந்திருந்தால் அதற்கான வரைபடம் ஆகியவற்றை இணைக்கலாம். கடிதத்தின் நகலில் மன்றத்தின் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்வது நலம்.

மன்றம் விசாரணைக்கு அழைக்கும். நாமே செல்லலாம், அதிகாரம் பெற்ற ஒருவரையும் அனுப்பலாம். தேசிய மொழியில் சரளமாகப் பேச இயலாத பெற்றோருக்காகப் படித்த மகனோ மகளோ அங்ஙனம் செல்வது பொருத்தமாகும். முடிவு திருப்தியளிக்காவிடில் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்குரிய காலம் குறுகியதாதலால், உடனே வழக்கறிஞரை நாட வேண்டும்.

ஆட்சேபம் நிலுவையில் உள்ளதென்று வரியை நிறுத்திவிடலாகாது. பிப்ரவரி, ஆகஸ்டு மாத இறுதிக்குள் அதனைச் செலுத்திவிட வேண்டும். வீடு கைமாறினால் மூன்று மாதத்திற்குள் மன்றத்திற்குத் தெரிவிப்பதும் கடமையே. பழைய உரிமையாளர் பெயரே பதிவில் இருந்தால், அறிவிப்புக் கடிதம் அவருக்கே போகும். ஆட்சேபிக்கும் தவணையோ நமக்குத் தெரியாமலே கடந்துவிடும்.