வாஞ்சூர் சாவடி சொல்லும் பாடம்

பட்டினச்சேரியிலிருந்து நாகூருக்குக் கருவாட்டுக் கூடை கொண்டு போகிறவர்கள் இன்று வாஞ்சூரில் எல்லையைக் கடக்கிறோம் என்று நினைப்பதே இல்லை. 1949 முதல் 1954 வரை அப்படியல்ல. கூடையை இறக்கிச் சோதனை முடிந்த பிறகே அப்பால் போக முடியும். அந்த நாளில் என் தகப்பனார் திருமலைராயன்பட்டினத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். "நாகூர் மனோரா கண்ணுக்குத் தெரியும், ஆனால் போய் வர ஒரு பொழுது ஆகும்" என்று சொல்வார்.

ஒரு நாடு தான் சேர்ந்திருக்கும் கூட்டமைப்பில் நீடிப்பதா, பிரிவதா என்று பிரிட்டனில் 2016-இல் பெரும் விவாதம் நடந்தது. அதை நாம் தூரத்துச் செய்தியாகப் படித்தோம். ஆனால் நம் காரைக்காலே அப்படியொரு விவாதத்தைக் கடந்து வந்த ஊர்தான். வணிகர்களாகிய நாம் அதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு.

பிரெஞ்சு யூனியனா, இந்தியாவா?

1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், 1946-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசியல் சட்டப்படி புதுச்சேரி முதலிய பகுதிகளோடு பிரெஞ்சு யூனியனில் இடம் பெற்றது. மறு ஆண்டே இந்தியா விடுதலை அடைந்தது. இப்பகுதிகளின் எதிர்காலத்தை மக்களே முடிவு செய்வது என்று 1948 ஜூனில் இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவோடு சேர 7,473 பேரும், யூனியனில் நீடிக்க 114 பேரும் வாக்களித்தனர்.

இங்கே விவாதம் இன்னும் ஐந்து ஆண்டு நீண்டது. யூனியனை விரும்பியவர்களிடமும் நியாயம் இருந்தது. பலருக்குச் சைகோனில் உறவும் பிழைப்பும் இருந்தன. பிரெஞ்சுப் படையிலும் உத்தியோகத்திலும் இருந்தவர்களுக்கு ஓய்வூதியம் பற்றிய கவலை. சுங்கம் குறைந்த துறைமுகம் கைவிட்டுப் போகுமே என்று கப்பல் வியாபாரிகள் அஞ்சினார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்றவர்கள், மொழியும் சொந்தபந்தமும் சந்தையும் சுற்றிலுமுள்ள தஞ்சை மாவட்டத்தில்தான் இருக்கின்றன, அரசலாற்றுத் தண்ணீரும் அங்கிருந்துதான் வருகிறது என்று வாதாடினார்கள்.

சுங்க வேலி

மேடையில் பேசப்பட்டது கொடியும் மொழியும். கடைத்தெருவில் பேசப்பட்டது சுங்கம். 1941-இல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் ஒரே சுங்க வட்டமாக ஆக்கப்பட்டிருந்தன. அந்த ஏற்பாடு 1949-இல் முடிவுக்கு வந்தது. இந்திய அரசு ஏப்ரல் முதல் எல்லை நெடுக சுங்க வேலி அமைத்தது. 1954-இல் போக்குவரத்துக்கு அனுமதிச் சீட்டும் வேண்டியதாயிற்று.

விளைவு என்ன? கப்பலில் வந்த தங்கம், வைரம், கைக்கடிகாரம் போன்ற சரக்குகள் பிரெஞ்சுப் பகுதிகளில் மலிந்து, வேலிக்கு அப்பால் கடத்தப்பட்டன. அதில் கொழுத்தவர் சிலர். நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் பருப்பும் புளியும் மிளகாயும் கொள்முதல் செய்து வந்த சிறு கடைக்காரரோ திண்டாடினார். பத்து மூட்டைக்கும் ஒரு கூடைக்கும் காத்திருக்கும் நேரம் ஒன்றுதான். பத்து மூட்டைக்காரர் அதைத் தாங்குவார். கூடைக்காரருக்கு அன்றைய லாபமே அதில் போய்விடும்.

வாக்கும் விளைவும்

1954 மார்ச்சில் எதுவார் குபேர் அணியினர் பிரெஞ்சு ஆதரவை விட்டு இணைப்பின் பக்கம் திரும்பியதும் காற்று மாறியது. அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. வேலி எடுக்கப்பட்டது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 முதல் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. விரும்பியவர்கள் ஆறு மாதத்திற்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளவும் அதில் வழி செய்யப்பட்டது. உரிமைகளை எழுத்தில் வாங்கிக்கொண்டால் என்ன பயன் என்பதற்கு, பிரெஞ்சு ஓய்வூதியம் பெற்ற நம்மூர்க் குடும்பங்களே சாட்சி.

பிரிட்டன் செலுத்தும் விலை

பிரிட்டனில் 2016 ஜூன் 23 அன்று 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய யூனியனிலிருந்து பிரிய வாக்களித்தனர். 2020 ஜனவரி 31 அன்று அந்நாடு வெளியேறியது. குடியேற்றம், இறையாண்மை என்று ஊரெங்கும் பேச்சு நடந்தது. எல்லையில் எத்தனை படிவம், யார் செலவு என்ற பேச்சு அதற்குச் சமமாக எழவில்லை. 2024 ஏப்ரல் 30 முதல், டோவர் துறைமுகமும் சுரங்க ரயில் பாதையும் வழியாக வரும் பல உணவுச் சரக்குகளுக்குப் புதுக் கட்டணம் வந்தது. இனம் ஒன்றுக்கு 10 முதல் 29 பவுன், ஒரு சரக்குக்கு மொத்தம் 145 பவுனுக்கு மேல் போகாது. ஒரு லாரி நிறைய ஒரே இனம் ஏற்றும் பெரிய கம்பெனிக்கு இது பொருட்டல்ல. ஐந்து வகைப் பாலாடைக்கட்டியில் சில பெட்டிகள் தருவிக்கும் சிறு கடைக்கு ஐந்து 29-உம் சேர்ந்து 145 பவுன் ஆகிவிடும். வாஞ்சூரில் நின்ற கூடைக்காரரின் கதையேதான் இதுவும்.

நாம் செய்ய வேண்டியது

2017 ஜூலை 1 அன்று நாமும் ஒரு பெரிய வரி வட்டத்திற்குள் வந்தோம். ஜி.எஸ்.டி. வந்ததும் புதுவைக்கு ஒரு வரி, தமிழ்நாட்டுக்கு ஒரு வரி என்ற வித்தியாசம் பெரும்பாலான சரக்குகளுக்குப் போய்விட்டது. பெட்ரோல், மது போன்ற சில மட்டும் வெளியே நிற்கின்றன. குறைந்த வரியை நம்பி வெளியூர் வாடிக்கை வைத்திருந்த நம்மவர் சிலருக்கு அடி விழுந்தது. எல்லை தாண்டிச் சரக்கு எடுப்பவருக்குத் தடை குறைந்தது. கூட்டில் சேர்ந்தாலும் பிரிந்தாலும் யாருக்கோ லாபம், யாருக்கோ நட்டம்.

சேர்வதா, பிரிவதா என்ற கேள்வியில் நம் வணிகர்கள் தத்தம் மனசாட்சிப்படி எந்தப் பக்கமும் நிற்கலாம். ஆனால் எந்தப் பக்கத்தார் வாக்குக் கேட்டு வந்தாலும் மூன்று கேள்வி கேட்டுவிட வேண்டும். சரக்கை எங்கே நிறுத்துவீர்கள்? என்ன காகிதம் கேட்பீர்கள்? அந்தச் செலவைச் சிறு வியாபாரி எப்படித் தாங்குவான்? பதிலை எழுத்தில் வாங்க வேண்டும், அதுவும் வாக்குக்கு முன்னால் வாங்க வேண்டும். புதுச்சேரிக்கு ஜி.எஸ்.டி. மன்றத்தில் ஓர் இடம் உண்டு. நம் குறைகள் அங்கே போய்ச் சேர வேண்டுமானால், சங்கத்தின் மூலம் கணக்கோடு எழுதிக் கொடுப்பதுதான் வழி.

சாவடி எழும்பிய பிறகு பேசிப் பயனில்லை. அப்போது கூடையை இறக்கி வைக்கத்தான் வேண்டும்.