ஸ்பீக்கர் போச்சா... இல்லை வால்யூம் 125-ல் இருக்கா? கம்ப்யூட்டரில் பாட்டு பிசிறடிப்பது ஏன்?

ராத்திரி பதினோரு மணி. டவுன்லோடு செய்து வைத்த படத்தை விஎல்சி பிளேயரில் ஓடவிட்டால், ஹீரோவும் ஹீரோயினும் பேசுவது காதிலேயே விழவில்லை. வால்யூமை ஏற்றுகிறோம். வசனம் ஓரளவு புரிகிறது. அடுத்த காட்சியில் கார் வெடிக்கிறது. ஸ்பீக்கர் ‘கர்ர்ர்’ என்று கிழிகிறது, பக்கத்து அறையில் தூங்கியவர் எழுந்து உட்கார்கிறார். ‘ஸ்பீக்கர் போச்சு’ என்று முடிவுகட்டி, படம் முடிவதற்குள் ஷாப்பிங் ஆப்பில் புது ஸ்பீக்கர் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள். ஃபைல், பிளேயர், விண்டோஸ், புளூடூத் அல்லது கேபிள், கடைசியாக ஸ்பீக்கர் என்று இத்தனை பேரின் கைமாறித்தான் சத்தம் நம் காதுக்கு வருகிறது. இதில் யார் வேண்டுமானாலும் கெடுத்திருக்கலாம். ஆனால் பழி எப்போதும் கடைசியில் நிற்கும் ஸ்பீக்கர் மேல்தான் விழுகிறது.

யார் என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். அதே ஃபைலை போனில் போட்டுக் கேளுங்கள். அங்கேயும் அதே இடத்தில் பிசிறடித்தால் கோளாறு ஃபைலில். போனில் சுத்தமாக இருந்தால், கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து வேறு ஏதாவது பாட்டைப் போடுங்கள். அது நன்றாகக் கேட்டால் ஸ்பீக்கர் நிரபராதி, சந்தேகம் பிளேயர் பக்கம் திரும்புகிறது. அதுவும் கரகரத்தால் ஒரு வயர் ஹெட்போனைச் செருகிப் பார்க்கலாம். ஹெட்போனில் சரியாக இருந்தால் மட்டுமே ஸ்பீக்கர் மேல் கை வையுங்கள்.

100-க்கு மேல் என்ன நடக்கிறது?

விஎல்சியின் வால்யூம் பட்டை 100-ல் நிற்பதில்லை, 125 வரை போகிறது. ஃபைலில் இருக்கும் ஒலியை அப்படியே கொடுப்பதுதான் 100. அதைத் தாண்டினால், சாஃப்ட்வேரே ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிறது. இங்கேதான் சிக்கல். டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. சிடி தரத்திலான 16 பிட் ஒலியில் ஒவ்வொரு துளியும் -32,768-க்கும் 32,767-க்கும் நடுவில் உள்ள ஓர் எண். அதற்கு மேல் எழுத எண்ணே கிடையாது. ஒலி அலையை இன்னும் பெரிதாக்கச் சொன்னால், கூரையில் இடிக்கும் பகுதி அப்படியே வெட்டுப்படும். இளநீரின் தலையைச் சீவியது போல அலையின் உச்சி தட்டையாகிவிடும். இதற்கு ‘கிளிப்பிங்’ என்று பெயர். நமக்கு அது கரகரப்பாகக் கேட்கிறது.

இப்போது வரும் பாடல்கள் பெரும்பாலும் கூரையைத் தொடும் அளவுக்கு சத்தமாகவே மாஸ்டரிங் செய்யப்படுகின்றன. அவற்றுக்கு 125 வைத்தால் கிழியாமல் என்ன செய்யும்? விஎல்சியை 80 அல்லது 90-ல் நிறுத்திவிட்டு, மிச்சத்தை விண்டோஸ் வால்யூமிலும் ஸ்பீக்கரின் குமிழிலும் ஏற்றிக்கொள்வதுதான் சரி. லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கரில் மணிக்கணக்கில் உச்ச வால்யூமில் கிளிப்பிங் ஓடினால், காயில் சூடேறி நிஜமாகவே பழுதாகும் வாய்ப்பும் உண்டு.

இதன் சத்தமில்லாத கூட்டாளி ஈக்வலைசர். என்றைக்கோ ‘பேஸ்’ வேண்டும் என்று ஆன் செய்து, அப்படியே மறந்துபோயிருப்போம். கன்ட்ரோல் + ஈ அழுத்தினால் ‘எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ்’ திறக்கும். அங்கே ஈக்வலைசரில் டிக் இருந்தால் எடுத்துவிட்டுக் கேளுங்கள். ஈக்வலைசர் இல்லாமல் முடியாது என்பவர்கள், அதிலுள்ள ‘பிரீஆம்ப்’ பட்டையைக் கீழே இறக்கினால் போதும்.

வசனம் கேட்கல, வெடிச்சத்தம் மட்டும் கேட்குது

வால்யூமை 125-க்கு ஏற்றுபவர்கள் ஆசைப்பட்டு ஏற்றுவதில்லை, வசனம் கேட்காமல்தான் ஏற்றுகிறார்கள். இதற்குக் காரணம் பெரும்பாலும் 5.1 ஆடியோ. தியேட்டருக்காக அமைக்கப்பட்ட இந்த ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கான தனி சேனலில் இருக்கும். நம் மேஜையிலோ இடது, வலது என்று இரண்டே ஸ்பீக்கர். பிளேயர் ஆறு சேனலையும் இரண்டுக்குள் அடைக்கும்போது, இசைக்கும் வெடிச்சத்தத்துக்கும் நடுவே வசனம் அமுங்கிப்போகிறது. மெதுவான சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் இடையே தியேட்டருக்காக வைத்த இடைவெளி, படுக்கையறைக்கு ரொம்ப அதிகம் என்பது இன்னொரு காரணம்.

முதலில் ‘ஆடியோ’ மெனுவில் ‘ஆடியோ டிராக்’ போய்ப் பாருங்கள். சில ஃபைல்களில் ஸ்டீரியோ டிராக் தனியாகவே இருக்கும், அதை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. இல்லையென்றால் அதே கன்ட்ரோல் + ஈ பெட்டியில் ‘கம்ப்ரஸர்’ என்ற பக்கம் இருக்கிறது. இதை ஆன் செய்தால், குறிப்பிட்ட அளவைத் தாண்டும் சத்தத்தை மட்டும் அமுக்கும். வெடிச்சத்தம் அடங்கும், பிறகு மொத்த வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினாலும் கிழியாது, வசனமும் தெளிவாகும். அதிலுள்ள ‘மேக்கப் கெயின்’ பட்டையை மட்டும் கண்டபடி ஏற்றாதீர்கள், பழைய கதை திரும்பிவிடும். பாட்டு கேட்கும்போது கம்ப்ரஸரை அணைத்துவிடுவது நல்லது. ஏற்ற இறக்கமெல்லாம் சமமாகி, இசை சப்பென்று ஆகிவிடும்.

ரோபோ குரலா, ‘பட் பட்’ சத்தமா?

எல்லா பிசிறும் கரகரப்பு அல்ல. புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு திடீரென்று பழைய லேண்ட்லைன் போன் மாதிரி மொண்ணையாகக் கேட்டால், பின்னணியில் ஏதாவது மீட்டிங் ஆப் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்செட்டின் மைக்கை ஒரு ஆப் எடுத்துக்கொண்டால், பெரும்பாலான புளூடூத் ஹெட்செட்கள் அழைப்புக்கான ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ முறைக்கு மாறிவிடும். ஸ்டீரியோ போய் மோனோ ஆகும், தரமும் விழும். ஒர்க் ஃப்ரம் ஹோம் ஆட்கள் தினமும் சந்திக்கும் தொல்லை இது. மீட்டிங்கை மூடலாம், அல்லது அந்த ஆப்பின் செட்டிங்கில் மைக்காக லேப்டாப் மைக்கைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

குரல் இழுத்தாற்போலவோ உலோகத் தகடு போலவோ கேட்டால், கை தவறி வேகம் மாறியிருக்கும். விசைப்பலகையில் = அழுத்தினால் விஎல்சி இயல்பு வேகத்துக்குத் திரும்பும்.

நடுநடுவே ‘பட் பட்’ என்று வெடித்தால், சத்தத் தரவு நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். ‘டூல்ஸ்’, ‘பிரிஃபரன்ஸஸ்’, ‘ஆடியோ’ என்று போய் ‘அவுட்புட் மாட்யூல்’ பட்டியலில் வேறொன்றைத் தேர்ந்தெடுத்து, விஎல்சியை மூடித் திறந்து பாருங்கள். விண்டோஸ் 11-ல் சவுண்ட் செட்டிங்கில் உங்கள் ஸ்பீக்கரைத் தொட்டால் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். ஒலியை மெருகேற்றுவதாகச் சொல்லிக்கொண்டு காரியத்தைக் கெடுக்கும் ஆசாமி அது, ஆஃப் செய்துவிடலாம். டிரைவர் அப்டேட் அதற்குப் பிறகுதான். அதையும் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். ‘ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள் பக்கமே போக வேண்டாம். எதை மாற்றினோம் என்றே நினைவில்லை என்றால், பிரிஃபரன்ஸஸ் பெட்டியின் அடியில் ‘ரீசெட் பிரிஃபரன்ஸஸ்’ பொத்தான் இருக்கிறது.

ஃபைலிலேயே கோளாறு என்றால்?

இதுதான் வருத்தமான வகை. கல்யாணத்தில் தவில், நாதஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே நின்று போனில் எடுத்த வீடியோ எந்த ஸ்பீக்கரிலும் கரகரக்கும். பதிவாகும்போதே அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டது, இனி வால்யூமைக் குறைத்தாலும் அது திரும்பி வராது. ஆடியோவை மட்டும் தனி ஃபைலாகப் பிரித்து, இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் திறந்து, ‘வியூ’ மெனுவில் ‘ஷோ கிளிப்பிங்’ ஆன் செய்தால், வெட்டுப்பட்ட இடங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால், அதிலேயே உள்ள ‘கிளிப் ஃபிக்ஸ்’ அந்த உச்சிகளை ஊகித்து ஓரளவு நிரப்பித் தரும். ஒரிஜினல் ஃபைலைத் தொடாமல், நகல் எடுத்துச் செய்யுங்கள். திரை முழுக்கச் சிவப்பாக இருந்தால் மெனக்கெட வேண்டாம். அன்றைக்கு மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து வீடியோ எடுத்த உறவினர் யார் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டுப் பாருங்கள். அவர் போனில் சத்தம் சுத்தமாகப் பதிவாகியிருக்கலாம்.