அயலூர்ச் சான்றோர் நால்வர்

வேற்றூர்களிலிருந்து வந்து வேப்பம்பட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வீடு கட்டிக் குடியேறிய குடும்பங்கள் பல. நாள்தோறும் சென்னைக்குச் சென்று மீளும் அவர்களுக்கு, வழியிலுள்ள ஊர்கள் வெறும் பெயர்ப் பலகைகளாகவே நின்றுவிடுகின்றன. அவ்வூர்களுக்குப் பெருமை தேடித் தந்த நால்வரை இங்கு நினைவுகூர்வோம்.

திருநின்றவூர்ப் பூசலார்

வேப்பம்பட்டுக்கு அடுத்த இரயில் நிலையம் திருநின்றவூர். பல்லவர் காலத்தில் அங்கு வாழ்ந்த பூசலார், இறைவனுக்குக் கோயில் எழுப்ப விழைந்தார்; கையிலோ பொருளில்லை. ஆகவே கல்லும் மரமும் மனத்திலேயே சேர்த்து, உள்ளத்திலேயே கோயில் கட்டி முடித்தார். காஞ்சியில் கற்கோயில் எடுத்த மன்னன், அதே நாளில் தன் குடமுழுக்கை நடத்த எண்ணியிருந்தான். நாளை மாற்றுமாறு கனவில் ஆணை பெற்றுத் திருநின்றவூர் வந்து, அந்த ஏழையின் அடி பணிந்தான் என்பது வரலாறு.

குன்றத்தூர்ச் சேக்கிழார்

இவ்வரலாற்றை நமக்கு விரித்துரைத்தவரும் இப்பகுதியினரே. பூவிருந்தவல்லிக்குத் தெற்கே குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், 12-ஆம் நூற்றாண்டில் சோழ மன்னனின் அமைச்சராய் விளங்கியவர். அரசவையில் உயர்ந்த இடம் பெற்றிருந்தும், குயவர், வண்ணார், வேடர், பரதவர் ஆகியோரையும் அடியார் வரிசையில் வைத்துப் பெரிய புராணம் பாடினார்.

பூவிருந்தவல்லித் திருக்கச்சி நம்பி

சேக்கிழாருக்கு முற்பட்டவர், 11-ஆம் நூற்றாண்டினரான திருக்கச்சி நம்பி. பூவிருந்தவல்லியில் பிறந்து, காஞ்சி வரதராசர்க்கு விசிறி வீசும் தொண்டு புரிந்தார். இவர் வைசியர், அந்தணராகிய இராமாநுசரோ இவரையே குருவாகக் கொள்ள விரும்பினார். நம்பி தம் இல்லத்தில் உண்டு சென்றபின், தம் மனைவி அவ்விடத்தைத் தீட்டென்று கழுவியது கண்டு இராமாநுசர் பெரிதும் வருந்தினார் என்பர். விருந்தினரின் குலம் பார்க்கும் வழக்கம் நம் இல்லங்களை விட்டு முற்றும் அகன்றுவிட்டதா? நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.

துள்ளம் திரு.வி.க.

போரூரை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரில் 1883-இல் பிறந்தவர் திரு.வி. கலியாணசுந்தரனார். சென்னை ஆலைத் தொழிலாளர்க்காக 1918-இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். சேக்கிழாரின் நூலுக்குக் குறிப்புரை எழுதிய இச்சைவர், இயேசு பெருமான்பால் கொண்ட அன்பினால் 'கிறிஸ்துவின் அருள் வேட்டல்' என்னும் நூலையும் இயற்றினார். 1953-இல் மறைந்தார்.

ஒருவர் ஏழை, ஒருவர் அமைச்சர், ஒருவர் விசிறி வீசியவர், ஒருவர் தொழிலாளர் தோழர். செல்வமோ பதவியோ அன்று, உள்ளத் தூய்மையும் பிறரை மதிக்கும் பண்புமே இவர்தம் ஊர்களுக்குப் புகழ் ஈட்டின. வீடு கட்டிவிட்டோம், இனி ஊர் மெச்சும் மக்களாய் நம் பிள்ளைகளை வளர்ப்பது நம் கடன். அடுத்த முறை திருநின்றவூரைக் கடக்கும்போது, பூசலாரின் கதையை அவர்களுக்குச் சொல்லுவோம்.