தக்காளி ஏன் தெருவுக்கு வருகிறது?



டி.வி. செய்தியில் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வண்டி நிறையத் தக்காளி. பழுத்துச் சிவந்த நல்ல தக்காளி. அதைக் கூடை கூடையாகச் சாலையில் கொட்டுகிறார்கள், அதை விளைவித்த விவசாயிகளே!

“ஐயோ, இப்படி வீணாக்குகிறார்களே! இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாமே!” என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தோன்ற வேண்டியதுதான்.

இன்னொரு காட்சியும் உங்களுக்குத் தெரியும். சில மாதங்களில் அம்மா கால் கிலோ தக்காளி மட்டும் வாங்கி வந்து, குழம்பில் புளியைக் கொஞ்சம் கூட்டிச் சமாளிப்பார். 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அப்படித்தான் நடந்தது. சென்னையில் ஒரு கிலோ தக்காளி 100 ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டி வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் விலை மளமளவென்று சரிந்து, ஆந்திரம், மகாராஷ்டிரம் மாநிலங்களில் விவசாயிகள் தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள்.

இரண்டே மாதத்தில் ஏன் இப்படி? நோட்டும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். இன்று கொஞ்சம் கணக்குப் போடப் போகிறோம். பயப்படாதீர்கள், கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

செலவு முன்னே, வரவு பின்னே

கற்பனையாக ஒரு விவசாயியை எடுத்துக் கொள்வோம். அவருக்கு ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது. தக்காளி போடுகிறார்.

உழவு ஓட்ட வேண்டும். நாற்று வாங்க வேண்டும். உரம், மருந்து, செடி சாயாமல் இருக்கக் குச்சி, களை எடுக்கக் கூலி என்று செலவு வரிசையாக வரும். பழம் பறிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை கையில் ஒரு பைசா வராது. உங்கள் அப்பா மாதச் சம்பளக்காரர் என்றால் ஒன்றாம் தேதி பணம் வரும். விவசாயிக்கு ‘ஒன்றாம் தேதி’ என்பது அறுவடை நாள்தான்.

ஆகவே அவர் கடன் வாங்குகிறார். 40,000 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். யாரிடம் வாங்குவார்? மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர். ‘மூணு வட்டி’ என்று பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய் என்று அர்த்தம். கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் வருடத்துக்கு 36 ரூபாய்! 40,000 ரூபாய்க்கு மாதம் 1,200. ஆறு மாதத்துக்கு 7,200 ரூபாய்.

நான் தனிவட்டிப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள். வீட்டில் ‘மூணு வட்டி, அஞ்சு வட்டி’ என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, சூத்திரம் இல்லாமலே பளிச்சென்று விடை சொல்லிவிடும். அந்தக் கணக்கு அவர்களுக்குப் பாடப் புத்தகத்தில் இருந்து வந்ததல்ல.

இரண்டாவது வழி, கூட்டுறவுச் சங்கம் அல்லது வங்கி. இங்கே பயிர்க்கடனுக்கு வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 7 ரூபாய். ஆறு மாதத்துக்கு 1,400 ரூபாய்தான். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைத் தவணை தேதிக்குள் கட்டிவிட்டால் வட்டியே கிடையாது.

“அப்படியானால் எல்லோரும் அங்கேயே வாங்கலாமே?” என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அங்கே நிலத்துக்கான சிட்டா, அடங்கல் போன்ற ஆவணங்களைக் காட்ட வேண்டும். அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுபவரிடம் அவர் பெயரில் சிட்டா இருக்காது. பழைய கடன் பாக்கி இருந்தாலும் புதுக்கடன் கிடைப்பது கஷ்டம். அதுவுமல்லாமல், இரவு பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்த அலுவலகம் திறந்திருக்கும்?

அப்போதுதான் மூன்றாவது வழி வருகிறது. அதுதான் காய்கறி மண்டி.

வட்டியில்லாக் கடனில் ஒளிந்திருக்கும் வட்டி

மண்டி என்பது மொத்த விற்பனைக் கடை. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் என்ற ஊரில் பெரிய காய்கறிச் சந்தை உண்டு. சுற்றுப்பட்டு ஊர்களின் காய்கறிகள் அங்கே வந்து ஏலம் போகும். கேரளாவுக்கு லாரி லாரியாகப் போகும். ஏலம் விட்டுத் தருபவர் மண்டிக்காரர். அதற்குக் கூலியாகக் கமிஷன் எடுத்துக் கொள்வார். பல மண்டிகளில் நூற்றுக்குப் பத்து ரூபாய் வரை கமிஷன் பிடிப்பதுண்டு.

இப்படிப்பட்ட ஒரு மண்டிக்காரர் நம் விவசாயியிடம், “40,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்குங்க. பத்திரம் வேண்டாம், வட்டியும் வேண்டாம். காயை மட்டும் என் மண்டிக்கே கொண்டு வந்துடுங்க” என்கிறார்.

அடடா, எவ்வளவு நல்ல கடன்! அப்படித்தானே தோன்றுகிறது? அவசரப்படாதீர்கள். பென்சிலை எடுங்கள்.

அந்தப் பருவம் முழுவதும் நம் விவசாயி 8,000 கிலோ தக்காளி பறிக்கிறார். பக்கத்து ஊர்ச் சந்தையில் கிலோவுக்கு ஒரே ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் அவர் அங்கே போக முடியாது. வாக்குக் கொடுத்துவிட்டார் அல்லவா? ஒரு ரூபாய் வீதம் 8,000 கிலோவுக்கு அவர் இழந்தது எவ்வளவு?

8,000 ரூபாய்!

மூணு வட்டிக்கு வாங்கியிருந்தால்கூட 7,200 ரூபாய்தான். ‘வட்டியே இல்லை’ என்று சொன்ன கடன் அதைவிட அதிகம் பிடித்துவிட்டது. வட்டி காணாமல் போகவில்லை குழந்தைகளே, விலைக்குள் போய் ஒளிந்து கொண்டது.

இதனால் மண்டிக்காரர் எல்லோரும் கெட்டவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. காகிதம் கேட்காமல், முகத்தைப் பார்த்து நம்பிப் பணம் தருகிறார். மழையில் பயிர் அழிந்தால் அவர் பணமும் மாட்டிக் கொள்ளும். வெளியூர் வியாபாரி ஏமாற்றினால் நஷ்டம் அவருக்கும்தான். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றுக்கும் விவசாயி முதலில் போய் நிற்கும் வாசல் அவருடையது. ஆனால் கடன் கொடுப்பவரே காயையும் விற்றுத் தருபவராக இருக்கும்போது, விவசாயிக்கு ஒரு சுதந்திரம் போய்விடுகிறது. “இந்த விலைக்கு நான் தரமாட்டேன்” என்று சொல்லும் சுதந்திரம்.

மூன்று ரூபாய் கணக்கு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். தக்காளியை ஏன் கொட்டுகிறார்கள்?

ஒரு நாள் நம் விவசாயி 100 பெட்டி பறிக்கிறார். பெட்டிக்கு 15 கிலோ. மொத்தம் 1,500 கிலோ. கிலோ 10 ரூபாய்க்குப் போனால் வரவு 15,000 ரூபாய்.

செலவைப் பார்ப்போம்.

பறிப்புக் கூலி, 8 பேருக்குத் தலா 400 ரூபாய்: 3,200
வண்டி வாடகை, பெட்டிக்கு 15 ரூபாய்: 1,500
ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பெட்டிக்கு 5 ரூபாய்: 500
கமிஷன், நூற்றுக்கு 10: 1,500
மொத்தம்: 6,700 ரூபாய்

மிச்சம் 8,300. இதில்தான் கடனை அடைக்க வேண்டும், வீட்டையும் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம் விலை 3 ரூபாயாக இறங்குகிறது. வரவு 4,500. கமிஷன் 450 ஆகக் குறையும். ஆனால் பறிப்பவருக்கும் வண்டிக்காரருக்கும் சுமை தூக்குபவருக்கும் கூலி குறையுமா? குறையாது. மொத்தச் செலவு 5,650. கையை விட்டு 1,150 ரூபாய் போகிறது!

பறித்தால் நஷ்டம். செடியிலேயே விட்டால் அந்த நஷ்டமாவது மிச்சம். சந்தைக்குக் கொண்டு வந்த பிறகு வாங்க ஆளில்லை என்றாலோ, திருப்பி எடுத்துப் போக இன்னொரு முறை வண்டி வாடகை. அதனால்தான் சாலையில் கொட்டுகிறார்கள். அது கோபம் மட்டுமல்ல, கணக்கும்கூட. ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்று நம் முன்னோர் சொன்னது சும்மாவா?

மஞ்சள் காத்திருக்கும், தக்காளி காத்திருக்காது

ஈரோட்டு மஞ்சள் விவசாயிக்கு விலை பிடிக்கவில்லை என்றால், மூட்டையைக் கிடங்கில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில் வைத்தால், அந்தப் பொருளின் மதிப்பில் ஒரு பகுதியைக் கடனாகவும் வாங்கலாம். நெல்லுக்கு அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. தக்காளிக்கு இரண்டும் இல்லை. பழுத்த தக்காளி சில நாள்தான் தாங்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விலை 100 ரூபாய் ஆனதும், “நாமும் தக்காளி போடுவோம்” என்று எல்லோரும் போடுகிறார்கள். எல்லாத் தோட்டமும் ஒரே சமயத்தில் பழுக்கிறது. சந்தை நிரம்பி விலை விழுகிறது. நொந்து போய் அடுத்த முறை பலர் போடாமல் விடுகிறார்கள். மறுபடி விலை ஏறுகிறது. ஊஞ்சல் மாதிரிதான்!

சரி, நாம் கடையில் கொடுக்கும் பணம் யாருக்குப் போகிறது? இந்திய ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை ஆராய்ந்தது. தக்காளிக்கு நாம் 100 ரூபாய் கொடுத்தால் விவசாயிக்குப் போவது சுமார் 33 ரூபாய். வெங்காயத்தில் 36. உருளைக்கிழங்கில் 37. மீதி வண்டி, கூலி, கமிஷன், அழுகி வீணாவது, வியாபாரிகளின் லாபம் என்று பிரிந்து போகிறது.

வழி தேடியவர்கள்

இந்தக் கஷ்டம் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ரைஃபைசன் என்ற கிராமத்து மேயர், விவசாயிகள் கடனில் மூழ்குவதைப் பார்த்தார். ஊர்க்காரர்களே சேர்ந்து சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்துக் கொள்ளும் சங்கங்களை ஏற்படுத்தினார். அன்றைய சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி அதைப் பற்றி ஆராய்ந்து, நமக்கும் அது தேவை என்று 1890-களில் அறிக்கை கொடுத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில், தமிழகத்தின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியது. இன்று அதுபோன்ற சங்கங்கள் தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

ஆனாலும் வளர்ச்சி மெதுவாகத்தான் வந்தது. 1951-52-இல் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. விவசாயி வாங்கிய ஒவ்வொரு 100 ரூபாய் கடனிலும் சுமார் 70 ரூபாய் வட்டிக்கடைக்காரர்களிடம் இருந்து வந்தது. கூட்டுறவுச் சங்கம் தந்தது சுமார் 3 ரூபாய். வங்கிகள் தந்தது ஒரு ரூபாய்கூட இல்லை! அதன் பிறகு 1969-இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1982-இல் நபார்டு வங்கி பிறந்தது. 1998-இல் விவசாயிகளுக்குக் கிசான் கடன் அட்டை வந்தது.

விற்பதற்கும் ஒரு புது வழி வந்தது. 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14. உங்களுக்குப் பிடித்த நாள், குழந்தைகள் தினம்! அன்றுதான் மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அங்கே விவசாயி தன் காயைத் தானே விற்கலாம். கமிஷன் கிடையாது. கடைக்கு வாடகை கிடையாது. படத்துடன் அடையாள அட்டை இருப்பவர்தான் கடை போடலாம். அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். மண்டியில் கிடைப்பதைவிட விவசாயிக்குக் கொஞ்சம் கூடுதல். கடையில் கொடுப்பதைவிட நமக்குக் கொஞ்சம் குறைவு.

ஆனால் 100 பெட்டி தக்காளியை ஒரே காலையில் உழவர் சந்தையில் கூறு கட்டி விற்க முடியாது. அதனால் பெரிய விளைச்சல் இன்றும் மண்டிக்குத்தான் போகிறது. தனியாக நிற்கும் விவசாயி பேரம் பேசவும் முடியாது. பலர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களைத் தொடங்கி, மொத்தமாக விற்கவும் தரம் பிரிக்கவும் முயல்வது இதற்காகத்தான்.

ஒன்றைக் கவனித்தீர்களா? குறைந்த வட்டிக் கடன் மட்டும் போதாது. விலை விழுந்தால் தவணை தேதிக்குள் அதையும் கட்ட முடியாமல் போகும், மறுபடி மண்டி முன்பணம்தான். நல்ல சந்தை மட்டும் இருந்தாலும் போதாது. வாக்குக் கொடுத்த கடன் இருந்தால் அந்தச் சந்தைக்குப் போக முடியாது. கடனும் சந்தையும் மாட்டு வண்டியின் இரண்டு சக்கரங்கள். ஒன்று உடைந்தாலும் வண்டி நகராது.

நீங்களும் செய்து பாருங்கள்

1. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா, அப்பாவுடன் உழவர் சந்தைக்குப் போய், ஐந்து காய்களின் விலையைக் குறித்துக் கொள்ளுங்கள். உங்கள் தெருக் கடையில் அதே காய்களின் விலையையும் எழுதுங்கள். வித்தியாசம் எவ்வளவு?

2. உங்கள் உறவிலோ ஊரிலோ விவசாயம் செய்யும் தாத்தா, பாட்டி, மாமா இருந்தால், ஒரு பெட்டிக் காயைச் சந்தைக்குக் கொண்டு போக என்ன செலவாகிறது என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள்.

3. நம் விவசாயிக்குக் கிலோ 5 ரூபாய் கிடைத்தால் 100 பெட்டிக்கு லாபமா, நஷ்டமா? எத்தனை ரூபாய்? கணக்குப் போட்டு, வகுப்பில் நண்பர்களுடன் சரிபாருங்கள்.

இனி டி.வி.யில் தக்காளியைக் கொட்டும் காட்சி வந்தால், உங்கள் தம்பி தங்கைகள் “ஏன் கொட்டுறாங்க?” என்று கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்து இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.