முதல் எதிரியிடமே தோற்பவர்களுக்கு

திரைக்குள் ஒரு களம் – 7

ஆர்.பி.ஜி. எனப்படும் ரோல் பிளேயிங் கேம்களைப் புதிதாக ஆட வருகிறவர்களில் பலர் முதல் சில மணி நேரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "எனக்கு அந்தக் கைவேகம் வராது" என்பார்கள். கார் பந்தய கேமில் இந்தப் பதில் ஓரளவு சரி. ஆர்.பி.ஜி.யில் அது பெரும்பாலும் பொருந்தாது. இந்த வகை கேம்களில் பல ஆரம்பத்தில் கடுமையாகவும் போகப்போக இலகுவாகவும் இருப்பதற்குக் காரணம் விரலில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்குப் பிடிபட்டவர், இப்போது வெல்ல முடியாத எதிரியை விட்டு விலகிப் போகத் தயங்க மாட்டார். விலகத் தெரிவதும் ஆட்டத் திறமைதான் என்பதே இந்த வாரம் சொல்ல வருவது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் வீரனுக்கு உயிர் 40. அவன் ஓர் அடிக்கு 5 சேதம் செய்வான். எதிரிக்கு உயிர் 30. அவன் அடிக்கு 10. இருவரும் மாறி மாறி அடித்தால், அவனைச் சாய்க்க உங்களுக்கு 6 அடி வேண்டும்; உங்களைச் சாய்க்க அவனுக்கு 4 அடி போதும். இதே நிலையில் நூறு முறை மோதினாலும் முடிவு மாறாது. இப்போது ஊர்க் கடையில் ஒரு தோல் கவசம் வாங்கி மாட்டுகிறீர்கள். அவனுடைய அடி 10-லிருந்து 6-ஆகக் குறைகிறது. உங்களைச் சாய்க்க இனி அவனுக்கு 7 அடி வேண்டும். நீங்களோ ஆறாவது அடியில் வேலையை முடித்துவிடுவீர்கள். உங்கள் விரல் வேகம் கூடவே இல்லை. ஒரு கவசம் தோல்வியை வெற்றியாக்கிவிட்டது. எண்கள் சிறியவையாக இருக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் பெரிது. 400 உயிர் உள்ளவனுக்கு 4 புள்ளி போனால் உறைக்காது. 10 உயிர் உள்ளவனுக்கு அது கிட்டத்தட்ட பாதி மரணம். ஆரம்பம் கொடுமையாக இருப்பதற்கும், அதே ஆரம்பத்தில் ஒரு சிறு முன்னேற்றம் பெரிய பலன் தருவதற்கும் காரணம் இது ஒன்றுதான்.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974-ல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டுதான் இந்த வகைக்கு மூலம். அதன் விதிகளைக் கொண்டு 1998-ல் வந்த பால்டர்ஸ் கேட் கம்ப்யூட்டர் கேமில், மந்திரவாதியின் உயிரைக் கணக்கிட நான்கு முகப் பகடை. நீண்ட வாளின் ஒரு வெட்டு 1 முதல் 8 வரை சேதம் செய்யும். முதல் லெவல் மந்திரவாதி ஒரே வெட்டில் விழுவதில் வியப்பென்ன? அதே ஆள் பின்னால் ஒரு தீக்கோளத்தை வீசி ஒரு கூட்டத்தையே சாய்ப்பான். 1986-ல் ஜப்பானில் வந்த டிராகன் குவெஸ்ட் புதியவர்களிடம் இன்னும் கருணை காட்டியது. அதில் செத்தால் மன்னர் முன்னால் மறுபடி எழுவீர்கள். கையிலிருந்த தங்கத்தில் பாதி போய்விடும், சேர்த்த அனுபவப் புள்ளிகளில் கை வைக்க மாட்டார்கள். தோற்றவன் ஏழையாகலாம், பலவீனன் ஆக மாட்டான்.

2022 பிப்ரவரியில் வந்த எல்டன் ரிங் அவ்வளவு கருணை உள்ளதல்ல. செத்த இடத்திலேயே நீங்கள் சேர்த்த ரூன்கள் (லெவல் ஏற்றவும் பொருள் வாங்கவும் உதவும் செல்வம்) கிடக்கும். போய் எடுப்பதற்குள் இன்னொரு முறை செத்தால் போனது போனதுதான். ஆட்டம் தொடங்கித் திறந்தவெளிக்கு வந்த சிறிது நேரத்திலேயே பொற்கவசம் அணிந்த குதிரை வீரன் ஒருவன் எதிரே உலாவுவான். புதியவர்கள் நேராக அவனிடம் போய் மோதி, செத்து, மறுபடி மோதி, அன்றைய பொழுதை அவனுக்கே கொடுத்துவிடுகிறார்கள். அவனைச் சுற்றிக்கொண்டு போனால் ஆட்டம் தடுப்பதே இல்லை. அருகில் இடிந்த தேவாலயத்தில் ஒரு வியாபாரி இருக்கிறான். இன்னும் கொஞ்சம் போனால் சவாரிக்குக் குதிரையும் கிடைக்கும். உயிரைக் கூட்டும் விகர் என்ற தகுதியில் சில புள்ளிகளைப் போட்டு, ஆயுதத்தை மேம்படுத்தி, குதிரையேறித் திரும்பினால் அவன் எட்டக்கூடிய எதிரி. கண்ணில் முதலில் பட்டவனைத்தான் முதலில் வெல்ல வேண்டும் என்று கேம் எங்கும் சொல்லவில்லை. நாமாக எண்ணிக்கொள்கிறோம்.

வெல்ல முடியாத இடத்தை விட்டு விலகிப் பிறகு திரும்புவதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான், மராட்டிய மன்னர் ராஜாராம் தங்கியிருந்த செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள். அவற்றை இணைக்கும் மதில்கள். ராஜகிரியின் உச்சிக்குப் போக ஒரு பிளவைத் தாண்ட வேண்டும். நேரடித் தாக்குதல் பலிக்கவில்லை. மராட்டியப் படைகள் வெளியிலிருந்து வந்து தானிய வரத்தையும் மறித்தன. 1693 தொடக்கத்தில் அவர் முற்றுகையை விலக்கிக்கொண்டு வந்தவாசிக்குப் போனார். பல்லவர் குகைக்கோயில் இருக்கும் சீயமங்கலம் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில்தான் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒரு சுற்று போய் வந்தால், பின்வாங்கிய தூரம் எவ்வளவு குறைவு என்பது விளங்கும். 1694-ல் அவர் தஞ்சாவூர்வரை போய் ஷாஜி மன்னரிடம் கப்பம் பேசிவிட்டு வந்தார். பிறகு திரும்பி வந்து முற்றுகையிட்ட அவரிடம் செஞ்சி விழுந்தது 1698 தொடக்கத்தில். ராஜாராம் அதற்குள் வேலூருக்குத் தப்பிவிட்டார். முக்கிய இலக்கை விட்டு நடுவில் செய்யும் கிளைப் பணியை கேம் ஆடுகிறவர்கள் சைட் குவெஸ்ட் என்பார்கள்; அதை அந்தத் தளபதி அசலாகவே செய்திருக்கிறார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். சுல்பிகர் கான் திறமையால் பின்வாங்கவில்லை, எதிரியோடு மறைமுகமாகப் பேசிக்கொண்டு முற்றுகையை வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்ற சந்தேகம் அந்தக் காலத்திலேயே இருந்தது. இருக்கட்டும். அவர் உள்நோக்கம் எதுவானாலும் செஞ்சி முதல் மோதலில் விழக்கூடிய கோட்டை இல்லை என்பது மாறாது. அந்தச் சந்தேகத்திலேயே புதியவர்களுக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. விலகிப் போகிறவர் எதைச் சம்பாதிக்கப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தீர்மானித்துக்கொண்டு போக வேண்டும். ஓநாய் போன்ற எளிய எதிரிகளை மட்டும் கொன்று கொன்று லெவல் ஏற்றிக்கொண்டே இருப்பவர் கடைசியில் சலித்து கேமையே மூடுவார். இரண்டு லெவல், ஒரு நல்ல ஆயுதம், ஒரு கவசம் என்று ஒரு வரம்பு போதும். மறுபடி மோதிப் பாருங்கள். தேவையானால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம்.

இன்னொரு வாதமும் உண்டு. "புதியவர் தோற்றுக்கொண்டே இருந்தால் அது கேமைச் செய்தவரின் குற்றம்தானே?" சில நேரங்களில் ஆம். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை: செத்தவுடன், ஏன் செத்தேன் என்று ஒரு வரியில் சொல்ல முடிகிறதா? "கவசம் போதவில்லை", "மருந்து தீர்ந்துவிட்டது", "மூன்று பேரை ஒரே நேரத்தில் இழுத்துவிட்டேன்" என்று சொல்ல முடிந்தால் கேம் நியாயமானது. பல முறை செத்தும் காரணம் புரியவில்லை என்றால் அது சரியாகச் செய்யப்படாத கேமாக இருக்கலாம். அல்லது விளக்கத்தைப் படிக்காமல் தாண்டியிருப்போம். நம்மூரில் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். பெரிய ஆர்.பி.ஜி.க்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் கிடையாது. ஆங்கில விளக்கம் வந்ததும் பட்டனைத் தட்டித் தள்ளிவிடுகிறோம். வெல்வதற்கான வழி அந்த நான்கு வரியில்தான் இருந்திருக்கும். புரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேளுங்கள். எளிய நிலையைத் தேர்ந்தெடுத்து ஆடுவதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3 அப்படியொரு நிலையைத் தொடக்கத்திலேயே கொடுத்து, எது வேண்டும் என்று கேட்கிறது.

ஆகவே அடுத்த முறை ஒரே எதிரியிடம் மூன்று முறை தோற்றால், நான்காவது முறை போகாதீர்கள். கையிலிருப்பதைச் செலவழியுங்கள், வேறு வழியில் போங்கள், வலுவோடு திரும்புங்கள். புள்ளிகளை எந்தத் தகுதியில் எவ்வளவு போடுவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.