வைப்பு நிதியும் மாடி வீடும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலிருந்து அதிகத் தொலைவில்லாத அயனம்பாக்கத்தின் தெருக்களில் நடந்து செல்பவர், கீழே வீட்டுக்காரர் குடியிருக்க, வெளிப்புறமாக ஏறும் சிமெண்டுப் படிக்கட்டின் உச்சியில் தனி மின்சார மீட்டரோடு ஒரு போர்ஷன் எழும்பியிருப்பதையும், கேட்டில் 'வாடகைக்கு விடப்படும்' என்ற அட்டை தொங்குவதையும் காணலாம். லேத்தின் முன்னும் பிரஸ்ஸின் முன்னும் யௌவனத்தைச் செலவிட்ட தொழிலாளிக்கு, பி.எஃப். என்னும் வைப்பு நிதிப் பணத்தை இப்படியொரு மாடியாக்கிவிட வேண்டுமென்ற ஆசை எழுவது இயல்பே.

அமெரிக்காவில், 1974-ஆம் வருஷத்துச் சட்டத்தின் வழிவந்த ஓய்வுக்காலக் கணக்குகளில் ஒரு வகையின் மூலம், பணத்தை வெளியே எடுக்காமலே வீடு வாங்கலாம். ஆனால் அவ்வீடு மனிதருக்கன்றிக் கணக்குக்கே சொந்தமாதலால், வாடகை முழுவதும் கணக்கிற்கே திரும்ப வேண்டும். உரியவர் அதில் குடியிருக்கவோ, பெற்ற பிள்ளைக்கு வாடகைக்கு விடவோ விதி இடங்கொடாது.

நம் நாட்டிலோ பணத்தை வெளியே எடுத்துத்தான் கட்டவேண்டும். 5 வருஷம் அங்கத்தினராயிருந்தவர் வீடு கட்ட 36 மாத ஊதியம் வரையிலும், கட்டிய வீட்டைப் பெரிதாக்க 12 மாத ஊதியம் வரையிலும் பெறலாம் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த விதி. 2025 அக்டோபரில் வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு, 13 விதிகளை 3 வகைகளாகச் சுருக்கி, 12 மாதச் சேவையே போதுமென்றும், 25 சதவிகிதம் கணக்கிலேயே தங்கவேண்டுமென்றும் தீர்மானித்தது. அந்தக் கால் பங்கை நான் மனமார வரவேற்கிறேன். ஏனெனில், எந்தக் கடனுக்காகவும் கோர்ட்டு ஜப்தி செய்ய முடியாதபடி சட்டம் வைப்பு நிதிக்கு அளித்திருக்கும் ரட்சணை, அப்பணம் செங்கல்லும் கம்பியுமாக மாறிய கணமே நீங்கிவிடுகிறது.

கணக்கையும் பார்ப்போம். 2024-25-க்கு அறிவித்த 8.25 சதவிகித வட்டியில், 10 லட்சம் ரூபாய் வருஷத்துக்கு 82,500 ரூபாய் ஈட்டும், மாதம் 6,875. குடித்தனக்காரர் காலி செய்து வருஷத்தில் இரண்டு மாதம் போர்ஷன் பூட்டிக் கிடந்தால், மற்ற பத்து மாதமும் 8,250 வந்தால்தான் அதற்கு ஈடாகும். சொத்துவரியும் வெள்ளையடிப்பும் மோட்டார் ரிப்பேரும் அதற்கு மேல். புதிதாக மனை வாங்கினவருக்கு நிலத்தின் மதிப்பு ஏறுவதாவது ஆறுதல்; இருக்கும் வீட்டின்மேல் கட்டிய மாடிக்கு அந்த அநுகூலமும் இல்லை, கட்டடம் வருஷந்தோறும் தேய்வது. ஆகவே, மகள் கலியாணம் பாக்கியிருக்கும் தொழிலாளி, மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன், தன் தெருவில் அத்தகைய போர்ஷனுக்கு உண்மையில் என்ன வாடகை கிடைக்கிறதென்று நாலு வீட்டில் விசாரித்துக்கொள்வது அவசியம்.