வயலினுக்குக் கிடைத்த இடம், பாட வந்த பெண்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? திருவையாறு சொல்லும் கதை!

ஜனவரி மாதம் வந்துவிட்டால் திருவையாற்றில் பந்தக்கால் பேச்சுதான். தஞ்சாவூரிலிருந்து அரை மணி நேரப் பேருந்துப் பயணம். காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதி. அவர் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமியன்று வித்வான்கள் எதிரெதிர் வரிசையாகத் தரையில் அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவார்கள். நாட்டையில் தொடங்கி ஸ்ரீ ராகத்தில் முடியும்போது, மூத்த வித்வான் முதல் பாட்டு வகுப்பில் படிக்கும் சிறுமி வரை எல்லோர் குரலும் ஒன்றாகியிருக்கும்.

அந்தக் கூட்டத்தில் குரல்களைத் தாங்கிப் பிடிக்கும் வாத்தியம் எது தெரியுமா? வயலின். அது இந்த மண்ணில் பிறந்ததே இல்லை!

கப்பலில் வந்த கருவி

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, அதில் கர்நாடக இசையை வாசித்துத் தேர்ந்தார். 1834-ல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார்.

தஞ்சை அரண்மனையில் அதற்குச் சற்று முன்புவரை இரண்டாம் சரபோஜியின் ஆட்சி. மேல்நாட்டு பேண்டு வாத்தியக் குழுவையே அவர் வைத்திருந்தார். தீட்சிதரும் அந்த மெட்டுகளை ஒதுக்கவில்லை. அவற்றுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதி 'நோட்டு ஸ்வர' சாகித்யங்களாக்கினார். இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டும் அவற்றில் ஒன்று!

பிறகு கிளாரினெட் வந்தது. சதிர்க் கச்சேரியின் சின்ன மேளத்தில் முகவீணை இருந்த இடத்தில் உட்கார்ந்தது. பஜனைகளில் தட்டப்பட்ட கஞ்சிராவை, புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி வாத்தியமாக உயர்த்தினார். நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதிலேயே ராகங்களை வாசித்தார். மாண்டலினை யு.ஸ்ரீநிவாஸ் நம்முடையதாக்கினார்.

நல்ல நாதம் என்றால் எங்கிருந்து வந்தாலும் 'வாங்க, உட்காருங்க' என்று சொல்லும் மனசு இந்த இசைக்கு இருந்திருக்கிறது.

நகைகளை விற்றுக் கட்டிய கோயில்

ஆனால், மனிதர்கள் விஷயத்தில் அந்த மனசு அவ்வளவு சீக்கிரம் இளகவில்லை.

1920-களின் தொடக்கத்தில் தியாகராஜர் சமாதி பாழடைந்து கிடந்தது. அதைக் கேட்டுத் துடித்துப்போனவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்த புகழ்பெற்ற பாடகி. சம்பாதித்த பணத்தையும் நகைகளையும் கொட்டிக் கோயில் எழுப்பினார். 1926-ல் கும்பாபிஷேகம் நடந்தது.

ஆனால் ஆராதனையை நடத்தியவர்கள் ஆண்கள். 'பெரிய கட்சி', 'சின்ன கட்சி' என்று தங்களுக்குள் பிரிந்து நின்றார்களே தவிர, பெண்கள் பாடக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கோயில் கட்டிய கைக்கே அங்கே தம்புரா பிடிக்க இடமில்லை!

நாகரத்தினம்மாள் முடங்கிவிடவில்லை. 1927-ல் சமாதிக்குப் பின்புறம் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். ஊர் அதற்கு 'பொம்பள கட்சி' என்று பெயர் வைத்தது. சமரசம் ஏற்பட்டு, 1941-ல் எல்லோரும் ஒரே ஆராதனையில் சேர்ந்தார்கள். இன்று நாம் பார்க்கும் பஞ்சரத்தினக் கூட்டுப்பாடலும் அந்தக் காலகட்டத்தில்தான் நிலைபெற்றது. 1952-ல் மறைந்த நாகரத்தினம்மாள், இன்றும் திருவையாற்றிலேயே சிலையாக, தியாகராஜர் சந்நிதியைப் பார்த்தபடி இருக்கிறார்.

பறையும் கிடாரும்

மேடை யாருக்கு என்ற கேள்வி அத்தோடு முடிந்துவிடவில்லை. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு முதல் கச்சேரி நடத்தியது. இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய குழு. கானா, பறை, சட்டி, கிடார், ராப் எல்லாம் ஒரே மேடையில்! அந்தக் குழுவின் கானா பாடகி இசைவாணி. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் நுழைந்த அவரை, 2020-ல் பி.பி.சி. தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது.

பறை கப்பலில் வந்ததில்லை. டெல்டாவின் தெருக்களிலேயே தலைமுறை தலைமுறையாக ஒலிப்பது. ஆனாலும், 'கச்சேரி' என்றதும் நம் நினைவுக்கு வரும் வாத்தியங்களில் அது இல்லை. கடல் கடந்து வந்த வயலினுக்கு எழுந்து இடம் கொடுத்தவர்கள்தான் நாம். பக்கத்துத் தெருவுக்குக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் என்ன?

அடுத்த ஆராதனைக்குத் திருவையாறு போகிறவர்கள், தியாகராஜரைக் கும்பிட்ட கையோடு நாகரத்தினம்மாள் சிலை முன்பும் ஒரு நிமிடம் நில்லுங்கள். பந்தலில் பாடும் பெண் குரல்கள் அங்கேயும் நன்றாகக் கேட்கும்.